செம்பு, சுண்ணாம்பு, கல்லாறு மலைப்பாதை

வெள்ளகோவில் தாண்டியதும் கொறங்காடு தொடங்குகிறது. கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் நிலங்கள், நடுவே குடை விரித்த வெள்வேல மரங்கள், காய்ந்து பழுத்த கொழுக்கட்டைப் புல், அதை மேய்ந்து வளர்ந்த காங்கேயம் மாடுகள். மழை குறைந்த மண்ணில் எது நிற்கும், எது நிற்காது என்று பல தலைமுறையாகக் கணக்குப் பார்த்து வைத்திருக்கும் ஊர்கள் இவை. மே மாத வெயிலில் இந்தச் சாலையில் பழைய கார் ஓட்டிப் போகிறவனுக்கும் அதே கணக்குதான்: அடுத்த தண்ணீர் எங்கே கிடைக்கும், அது எப்படிப்பட்ட தண்ணீர்?

கரூரிலிருந்து ஊட்டிக்குக் கிளம்பியிருந்தோம். வண்டி, நண்பனின் அப்பா வைத்திருந்த மார்க் 2 அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் தயாராகத் தொடங்கி, 2014 வரை வந்துகொண்டிருந்த குடும்பத்தில் மூத்த தலைமுறை. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். அப்பா போன பிறகு பல வருடம் ஷெட்டில் கிடந்ததை நண்பன் வெளியே எடுத்து, எஞ்சின் வேலை, பிரேக் வேலை, வயரிங், பெயின்ட் எல்லாம் பார்த்திருந்தான். ரேடியேட்டரில் மட்டும் கை வைக்கவில்லை. ஒழுகாத ரேடியேட்டரை யாரும் கழற்றுவதில்லை. கரூர் மெக்கானிக்கும் அப்படித்தான் விட்டுவிட்டார்.

காங்கேயம் எட்டுவதற்கு முன்பே, எந்தக் காலத்திலோ யாரோ தனியாக வாங்கிப் பொருத்திய டெம்பரேச்சர் மீட்டரின் முள் சிவப்புப் பக்கம் சாய ஆரம்பித்தது. பிறகு ஒரு வாசனை வந்தது. சூடான துருவும் பழைய ரப்பரும் கலந்த அந்த வாசனையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பானெட் இடுக்கில் ஆவி எழும்பியது. சாலையோரம் ஒரு புளியமரம், அதன் அடியில் ஒரு டீக்கடை. வண்டியை நிழலில் விட்டு எஞ்சினை அணைத்தோம்.

இந்த இடத்தில் செய்ய வேண்டிய வேலை, ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. உள்ளே ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் கொண்ட வால்வு. அது தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், ஒரு பகுதி ஒரே கணத்தில் ஆவியாகி, மிச்சத்தையும் தள்ளிக்கொண்டு பீறிடும். முகமும் கையும் வெந்துபோனவர்களின் கதை ஒவ்வொரு லாரி ஷெட்டிலும் உண்டு. மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து, அது தளர்ந்த பிறகு, கனமான ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு, முதல் நிலை வரை மட்டும் திருகி, மிச்ச ஆவியை விட்டு, அப்புறம்தான் கழற்ற வேண்டும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைச் சட்டென்று கொட்டவும் கூடாது. ஹெட்டில் விரிசல் விழலாம். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

டீக்கடை அம்மா இதையெல்லாம் பல வண்டிகளில் பார்த்தவர். "ஒழுகுதுங்களா, கொதிக்குதுங்களா?" என்று கேட்டார். இரண்டும் வேறு வேறு நோய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "ஒழுகுனா ஒரு புடி மஞ்சத்தூளு போடுங்க. லாரிக்காரங்க அதத்தான் போடுவாங்க." லாரிக்காரர்களின் கைவைத்தியம் அது. தூள் தண்ணீரோடு சுற்றி வந்து, ஓட்டை வழியே கசியும்போது அங்கே ஒட்டிக்கொண்டு அடைக்கும். ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் தாங்கும். ஆனால் அடைப்பதற்கு எது ஓட்டை, எது வழி என்று மஞ்சள் தூளுக்குத் தெரியாது. நல்ல குழாயையும் அடைத்துவிடும். எங்களுடையது ஒழுகவில்லை, கொதித்தது. அதனால் மஞ்சள் தேவைப்படவில்லை. அவர் கொடுத்த ஒரு குடம் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். வேறு தண்ணீர் அங்கே இல்லை. நோயும் அந்தத் தண்ணீரில்தான் இருந்தது.

இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் சுண்ணாம்பும் உப்பும் அதிகம். குடிதண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இங்கே பல கிணறுகளில் அந்த எல்லை பேச்சுக்குக்கூட நிற்காது. வடக்கே ஓடும் நொய்யல் ஆற்றுக்கு நடந்தது தனிக் கதை. விவசாயத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. வழக்கு பல ஆண்டு நடந்து, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு காரின் ரேடியேட்டரைப் பற்றிப் பேசும்போது ஆற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஊர்த் தண்ணீரைத்தானே அதுவும் குடிக்கிறது.

கடினத் தண்ணீரைச் சூடாக்கினால் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து பாத்திரத்தில் படியும். வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெள்ளையாகத் தடித்துப்போயிருக்குமே, அதேதான் ரேடியேட்டருக்குள்ளும் நடக்கிறது. அண்டாவின் வாய் அகலம், சுரண்டிவிடலாம். ரேடியேட்டரின் குழாயோ தட்டையாக நசுக்கிய பித்தளைத் தகடு. உள்ளே இடைவெளி சில மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதில் தினமும் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொஞ்சம் சுண்ணாம்பு உள்ளே போகிறது. தண்ணீர் வெளியேறும், சுண்ணாம்பு தங்கிவிடும். அப்பாவின் காலத்து டிரைவர்கள் ஊற்றியது அத்தனையும் அதற்குள்ளேயே இருந்தது.

பல்லடம், சூலூர் வழியாக, முள் ஏறும்போதெல்லாம் நின்று நின்று, கோவை வந்து சேர இருட்டிவிட்டது. மறுநாள் காலை உக்கடம் பக்கம் ஒரு சந்தில் ரேடியேட்டர் பட்டறையைத் தேடிப் போனோம். வாசலில் லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் ரேடியேட்டர்கள் சுவரில் சாத்தியிருந்தன. பட்டறைக்காரப் பாய்க்கு அறுபது வயது தாண்டியிருக்கும். பானெட்டைத் திறந்ததும் தண்ணீரைப் பார்க்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகத் தடவிக்கொண்டே வந்தார்.

"இங்க தொட்டுப் பாருங்க தம்பி."

தொட்டேன். ஓர் ஓரம் கை வைக்க முடியாத சூடு. நடுவில் கணிசமான பகுதி வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

"சில்லுனு இருக்கற எடத்துல தண்ணி ஓடல. பாதிக்கு மேல செத்துருச்சு. எந்த ஊரு தண்ணிங்க?"

"கரூருங்க பாய்."

"அப்ப சரி" என்றார். அதற்குமேல் விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

கழற்றுவது எளிது. அடியில் உள்ள குழாயைத் திறந்து தண்ணீரை வடித்தார். செங்கல் நிறத்தில் வந்தது. இரண்டு ஹோஸ்களையும் உருவி, பக்கத்து போல்ட்டுகளை எடுத்ததும் ரேடியேட்டர் கைக்கு வந்துவிட்டது. பழைய ரேடியேட்டரின் பெருமை அதற்குப் பிறகுதான் தெரியும். மேல் டேங்கும் கீழ் டேங்கும் பித்தளை, நடுக் குழாய்களும் பித்தளை, குழாய்களுக்கு இடையில் காற்றுக்கு வெப்பத்தைக் கடத்தும் மெல்லிய தகடுகள் செம்பு. இவை அத்தனையையும் ஒன்றாகப் பிடித்திருப்பது ஈயப் பற்று. வெள்ளீயமும் காரீயமும் கலந்த அந்தப் பற்று 200 டிகிரிக்கு முன்னும் பின்னுமாக உருகும். பித்தளை உருக 900 டிகிரியை ஒட்டி வேண்டும். ஆகவே தீயைக் காட்டி ஒட்டைப் பிரிக்கலாம், வேலை முடித்துத் திரும்ப ஒட்டலாம், அடுத்த தலைமுறை இன்னொரு முறை பிரிக்கலாம். பிரிப்பதற்கு என்றே செய்த பொருள் போலிருந்தது.

கேஸ் தீயை ஓரமாக ஓட்டி மேல் டேங்கைத் தூக்கினார் பாய். உள்ளே வரிசையாக நிற்க வேண்டிய குழாய் வாய்கள் பலவற்றில் வெள்ளைக் கட்டி. அவர் மூன்று வழிகளைச் சொன்னார். ஒன்று, காஸ்டிக் சோடா தொட்டியில் ஊறவைத்து, தட்டையான கம்பியைக் குழாய்க்குழாயாக விட்டுக் குத்தி எடுப்பது. செலவு குறைவு, ஆனால் தகடுகள் கையால் தொட்டாலே உதிர்கின்றன, குழாய்ச் சுவர் மெலிந்திருக்கிறது, கம்பி விட்டால் கிழியலாம். இரண்டு, டேங்குகளை வைத்துக்கொண்டு, நடுவில் குழாயும் தகடும் சேர்ந்த புதிய செம்புக் கோர் போடுவது. பழைய கோரை எடை போட்டு, அந்தப் பணத்தைக் கூலியில் கழித்துக்கொள்வார். மூன்று, அலுமினியத்தில் புதிதாகச் செய்து வாங்குவது. செம்புக் கோரைவிட மலிவு, எடையும் பாதி.

நண்பன் அலுமினியத்தின் பக்கம் சாய்ந்தான். அதில் தவறும் இல்லை. அலுமினியம் செம்பைவிட வெப்பத்தைக் குறைவாகத்தான் கடத்தும். ஆனால் உலையில் வைத்து மொத்தமாகப் பற்றவைப்பதால் குழாய்களை அகலமாக, உறுதியாகச் செய்ய முடிகிறது. கடைசிக் கணக்கில் குளிர்ச்சி ஒன்றும் குறைவதில்லை. இன்றைய கார்கள் எல்லாமே அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும்தான். பாய் அதைக் குறை சொல்லவில்லை. "நல்லா வேலை செய்யும் தம்பி. ஆனா மலையில கல்லு பட்டு ஓட்டையானா குன்னூர்ல ஈயம் வெக்கறவன் அதுல கை வெக்க மாட்டான். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணும்" என்றார். எங்கே போகிறோம், வழியில் யார் இருக்கிறார்கள் என்பதையும் வைத்து ரேடியேட்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நண்பன் செம்புக்கே மாறினான்.

வேலை மறுநாள் வரை போனது. பாயின் தாத்தா தெருத் தெருவாகப் போய்ப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவராம். எவர்சில்வர் வந்து அந்தத் தொழிலை முடித்தபோது, அவருடைய மகன் அதே கைகளோடு ரேடியேட்டருக்கு வந்துவிட்டார். நவச்சாரமும் ஊதுலையும் கூடவே வந்தன. அடுப்பங்கரையில் தங்கிய ஈயம் வெள்ளீயம். இங்கே அதில் காரீயமும் சேர்கிறது, அதன் புகை உடம்புக்கு ஆகாது. அதனால்தான் பட்டறையின் முன்பக்கம் முழுக்கத் திறந்தே இருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பற்றவைக்கும் நேரத்தில் உள்ளே விடுவதில்லை என்றார்.

அவர் குழாய் வாய்களில் ஈயம் ஓடவிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தப் பொருளின் வம்சம் நினைவுக்கு வந்தது. ஆரம்பகாலக் கார்களில் தண்ணீர் வெறுமனே கொதித்து ஆவியாகிப் போகும். ஓட்டுநர் வழியெங்கும் தண்ணீர் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அதை மாற்றிய பெரிய பாய்ச்சல் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த மெர்சிடிஸ் 35 எச்.பி. கார். 1901-இல் பிரான்சின் நீஸ் நகரத்துப் பந்தயங்களில் அது எல்லாவற்றையும் முந்தியது. அதன் தேன்கூடு ரேடியேட்டரில் 6 மில்லிமீட்டர் சதுரத்தில் 8,070 சிறு குழாய்கள். கொஞ்சம் தண்ணீர், நிறையப் பரப்பு என்பதுதான் தந்திரம். உக்கடத்துச் சந்தில் பாய் கையில் இருந்ததும் அதே தந்திரம்தான்.

ஒட்டி முடித்து, வாய்களை ரப்பர் கட்டையால் அடைத்து, காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். ஒரு மூலையில் குமிழி கிளம்பியது. துடைத்து, ஆசிட் தடவி, ஒரு சொட்டு ஈயம். மறுபடி அமுக்கியபோது குமிழி இல்லை. கறுப்பு பெயின்டை மெல்லிசாக அடித்தார். கெட்டியாக அடித்தால் அதுவே சூட்டைப் பிடித்து வைக்கும். பிறகு எங்கள் மூடியை வாங்கி ரப்பரைப் பார்த்துவிட்டுத் தூர எறிந்தார். அவர் கொடுத்தது 7 பவுண்டு அழுத்தம் வரை பிடித்து வைக்கும் மூடி. "13 பவுண்டு போட்டா இன்னும் தாங்குமே?" என்றான் நண்பன். "தண்ணி தாங்கும். பழைய டேங்கும் ஹோஸும் தாங்கோணுமில்ல?"

எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குள் விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை யாரோ முன்பே கழற்றி எறிந்திருந்தார்கள். புதிதாக ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னார். சூடு பிடிக்கிற வண்டியில் நம்மூர் மெக்கானிக்குகள் முதலில் பிடுங்குவது அதைத்தான். அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும், எஞ்சினும் சீக்கிரம் தேயும்.

கடைசியாகத் தண்ணீர். பட்டறைக் குழாயில் வந்தது சிறுவாணி. கோவைக்காரர்கள் அதன் ருசியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். அந்த ருசிக்குக் காரணம் அதில் உப்பு மிகக் குறைவு என்பதுதான். ரேடியேட்டருக்கும் அதே காரணத்தால் அது பிடிக்கும். அதனுடன் கூலன்டையும் கலந்தார். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பழைய ஈயப் பற்றை அரிக்கிற வகைகளும் உண்டு, டப்பாவில் செம்பு–பித்தளைக்கு ஆகும் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள் என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்.

மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் காற்று மாறுகிறது. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவு. சீசனில் ஏறுகிற வண்டிகள் பர்லியாறு, குன்னூர் வழியாகவும் இறங்குகிறவை கோத்தகிரி வழியாகவும் போக வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. நாங்கள் பின்சீட்டுக்கு அடியில் ஒரு தகரக் கேனில் சிறுவாணியை வைத்திருந்தோம். சோதனைச் சாவடியில் எட்டிப் பார்த்தவர், "குடிக்கவா?" என்றார். "வண்டிக்குங்க" என்றதும் சிரித்துவிட்டு விட்டார்.

கல்லாற்றில் பாக்குத் தோப்புகளின் நிழலில் 14 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. இந்த ஏற்றத்தில் காரின் வயிற்றுக்குள் நடப்பதை நினைத்துக்கொண்டு ஓட்டினால் கியர் தானாக விழும். அம்பாசடரில் விசிறியும் தண்ணீர்ப் பம்ப்பும் ஒரே அச்சில், ஒரே பெல்ட்டில், எஞ்சினோடு சுற்றுபவை. பெரிய கியரில் எஞ்சினைத் திணறவிட்டால் சூடு ஏறும், ஆனால் விசிறி மெதுவாகத்தான் சுற்றும். இரண்டாவது கியரில் எஞ்சின் இரைந்தாலும் காற்றும் தண்ணீரும் நன்றாக ஓடும். காதுக்கு இதமாக ஓட்டுகிறவனின் வண்டிதான் முதலில் கொதிக்கும்.

பர்லியாற்றுக்கு மேலே ஒரு வளைவில் வண்டிகள் நின்றுவிட்டன. மேலே எங்கோ ஒரு பஸ் திரும்ப முடியாமல் நிற்கிறதாம். ஏற்றத்தில் நின்றபடி எஞ்சின் ஓடுவதுதான் இருப்பதிலேயே கடினமான சோதனை. எதிர்க்காற்று இல்லை, விசிறியும் சோம்பல். முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஏறியது, ஓரிடத்தில் நின்றது, பிறகு இறங்கியது. தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்து புதுக் கோரில் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு புத்தம் புதிய காரின் மின்விசிறி உரத்துச் சுழன்று நின்றது. அதற்குள் இருந்தவர்கள் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

அப்போது பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் நீராவி ரயிலின் ஊதல் கேட்டது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாற்றுக்கு மேல் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் சரிவில், பல் சக்கரத்தைத் தண்டவாளத்தின் நடுப் பற்களில் பதித்துக்கொண்டு எஞ்சின் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளும். ஹில்குரோவிலும் ரன்னிமீட்டிலும் நின்று தண்ணீர் பிடிக்கும். ரயிலுக்குத் தண்ணீர் ஆவியாக வேண்டும். எங்களுக்கோ ஆவியாகவே கூடாது. இருவரும் ஒரே மலையின் ஓடைகளை நம்பித்தான் ஏறிக்கொண்டிருந்தோம்.

உயரம் ஏறஏறத் தண்ணீரின் பொறுமை குறையும். 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குகிறது. மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரியை ஒட்டி இருப்பது குன்னூரில் 94, 2,200 மீட்டரைத் தாண்டி நிற்கும் ஊட்டியில் 92 அல்லது 93. மலையில் பருப்பு வேகாமல் அடம் பிடிப்பது இதனால்தான். 7 பவுண்டு மூடி இந்த இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. அது ஏறக்குறைய 12 டிகிரியைக் கூட்டித் தருகிறது. செத்துப்போன ரப்பரோடு பழைய மூடியையே போட்டு ஏறியிருந்தால், புதுக் கோர் இருந்தும் குன்னூருக்குள் கொதித்திருக்கும். மேலே காற்றும் மெலிந்து வெப்பத்தைக் குறைவாகவே சுமக்கிறது. ஆனால் குளிர்ந்து வருகிறது. வெலிங்டன், அருவங்காடு தாண்டி லவ்டேல் பக்கம் வந்தபோது முள் பாதியைக்கூடத் தொடவில்லை.

ஊட்டியில் விடுதிக்காரர் பானெட்டைத் தட்டிப் பார்த்து, "கூலன்ட் இருக்குங்களா? மார்கழி, தையில வந்தா வெறுந்தண்ணி உறைஞ்சிரும்" என்றார். உறைபனி விழும் ஊர்க்காரரின் கவலை அது. உறைந்தால் தண்ணீர் விரிவடைந்து குழாயைப் பிளக்கும். காங்கேயத்தில் கொதித்து ஆவியாகிற அதே தண்ணீர் இங்கே கட்டியாகிவிடும் என்று பயப்பட வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒருநாள் பயணம்தான். கூலன்டில் உள்ள கிளைகால் கொதிநிலையை மேலே தள்ளி, உறைநிலையைக் கீழே தள்ளி, இரு பக்கமும் இடம் பண்ணிக் கொடுக்கிறது.

கோத்தகிரி வழியாக இறங்கும்போது டெம்பரேச்சர் மீட்டரைப் பார்க்கவே வேலை இல்லை. கவலை சக்கரங்களுக்கு மாறிவிட்டது: நான்கிலும் டிரம் பிரேக், காலை எடுக்காமல் மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் சட்டம். இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க, தேயிலைச் சரிவுகளைத் தாண்டி மேட்டுப்பாளையத்துக்கு வந்தோம். மறுபடி பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில். இந்த முறை எங்கும் தண்ணீர் கேட்டு நிற்கவில்லை.

ஐப்பசியில் கரூரில் மழை பிடித்தபோது நண்பன் மொட்டைமாடிக் குழாயின் அடியில் ஒரு நீல டிரம்மை வைத்தான். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து பிடித்து, துணியில் வடிகட்டி, மூடி போட்டு, ரேடியேட்டருக்கு என்று எழுதியும் வைத்தான். அவனுடைய அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத்தன வருசமா நாமெல்லாம் போர் தண்ணி குடிக்கறோம். காருக்கு மட்டும் மழத் தண்ணியாக்கும்?" மறுவாரம் சமையலறைக்கு இன்னொரு டிரம் வந்தது.